முதலில் மேசை, பிறகு லாரி

அத்தியாயம் 4: பேரிடர்க் களத்தில் தன்னார்வலர்களை நடத்துவது

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. காற்று ஓய்ந்த சில நாட்களுக்குள் அரிசி, தார்ப்பாய், மெழுகுவர்த்தி, தண்ணீர்க் கேன் என்று ஏற்றிக்கொண்டு பல திசைகளிலிருந்தும் வண்டிகள் டெல்டாவுக்குள் வந்தன. லீவு போட்டுவிட்டு, சொந்தக் காசில் டீசல் அடித்து வந்தவர்கள் அவர்களில் பலர். ஆனாலும் பல வண்டிகள் மெயின் ரோட்டை விட்டு இறங்கவில்லை. இறங்க வழி தெரியவில்லை, சொல்ல ஆளும் இல்லை. ரோட்டோர ஊர்களுக்கு ஒரே பொருள் திரும்பத் திரும்பக் கிடைத்தது. தென்னையும் மின்கம்பமும் விழுந்து பாதை அடைபட்ட உட்கிராமங்கள் காத்துக் கிடந்தன. சில இடங்களில் மக்கள் ரோட்டில் இறங்கி லாரியை மறித்தார்கள். பசித்தவர்கள் வேறென்ன செய்வார்கள்?

அந்த லாரிக்கும் அந்த உட்கிராமத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய ஆளுக்காக இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது. நீங்கள் ஊராட்சித் தலைவராக இருக்கலாம். கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக, ஜமாஅத் செயலாளராக, பங்குப் பேரவை உறுப்பினராக, ரசிகர் மன்றப் பொறுப்பாளராக, தெருவில் நாலு பேர் பேச்சைக் கேட்கும் அக்காவாக இருக்கலாம். பேரிடர் வந்த மறுநாள் உங்கள் முன்னால் நூறு பேர் நின்று, "என்ன செய்யணும், சொல்லுங்க" என்பார்கள். பெரிய பேரிடர்களில் ஆள் பஞ்சம் வருவது அபூர்வம். வந்த ஆளுக்கு வேலை சொல்லும் இடம்தான் இருப்பதில்லை. அந்த இடத்தைத்தான் இங்கே மேசை என்கிறேன். மேசை போடாமல் ஒரு வண்டியைக்கூடக் கிளப்பாதீர்கள்.

கூட்டம் வந்து சேர்வதைக் கண்டு மிரளவும் வேண்டாம். பேரிடர் நடந்த இடத்தை நோக்கி ஆட்களும் செய்திகளும் பொருட்களும் ஒரே நேரத்தில் பாயும் என்று ஃபிரிட்ஸ், மாத்யூசன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1957-லேயே எழுதிவிட்டார்கள். வருகிறவர்களை அவர்கள் ஐந்து வகையாகப் பிரித்தார்கள்: வீட்டைப் பார்க்கத் திரும்பி வருபவர், உறவினரைத் தேடித் தவித்து வருபவர், உதவ வருபவர், வேடிக்கை பார்க்க வருபவர், கிடைத்ததைச் சுருட்ட வருபவர். உங்கள் மேசை முன்னால் ஐந்து பேருமே நிற்பார்கள். உறவினரைத் தேடி வந்தவரை வரிசையில் நிறுத்திப் பெயர் எழுதச் சொல்லாதீர்கள். அவரை முதலில் உட்காரவைத்து, முகாம் பட்டியலையும் ஆஸ்பத்திரிப் பட்டியலையும் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே அனுப்பப்பட்ட பழைய துணிகள் ரோட்டோரங்களில் குவியல் குவியலாகக் கிடந்து மழையில் நனைந்தன. மீனவக் குடும்பங்கள் அவற்றைத் தொடவில்லை. முந்தைய நாள்வரை கடலில் உழைத்துத் தம் வருமானத்தில் வாழ்ந்தவர்களுக்கு, பிறர் உடுத்திக் கழித்ததைப் பொறுக்கி உடுத்த மனம் வரவில்லை. அந்தத் துணியை அள்ளி அகற்றுவதே தனி வேலையாகிவிட்டது. பின்பற்றத்தக்க ஒரு முன்மாதிரியும் அதே நாகப்பட்டினத்தில்தான் உருவானது. ஸ்நேகா என்ற தொண்டு நிறுவனமும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் முன்னின்று, 2005 ஜனவரியில் தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையம் ஒன்றை மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து நடத்தத் தொடங்கின. எந்தக் கிராமத்தில் என்ன தேவை, அங்கே ஏற்கெனவே யார் வேலை செய்கிறார்கள் என்ற விவரம் ஒரே இடத்தில் சேர்ந்தது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதலில் போய்க் கேட்க ஓர் இடம் கிடைத்தது. நீங்கள் போடப்போகும் மேசை அதன் சின்ன வடிவம்.

மேசையைப் போடுவது

பாதிக்கப்பட்ட ஊருக்கு நடுவில் மேசையைப் போடாதீர்கள். ஊருக்குள் நுழையும் பாதையில், மேடான இடத்தில், வண்டிகள் திரும்ப இடமிருக்கும் பள்ளி வளாகமோ கல்யாண மண்டபமோ நல்லது. நிவாரண முகாம் நடக்கும் அதே கட்டடத்தில் வேண்டவே வேண்டாம். வீடிழந்து பாய் விரித்துப் படுத்திருப்பவர்களைச் சுற்றி நூறு புது முகங்கள் நடமாடினால் அங்கே பெண்கள் துணி மாற்றக்கூட முடியாது.

உட்கார மூன்று பேர் போதும். ஒருவர் வருகிறவரைப் பதிவு செய்கிறார். ஒருவர் ஊரிலிருந்து வரும் தேவைகளை எழுதுகிறார். மூன்றாமவர் இரண்டையும் பொருத்தி ஆளை அனுப்புகிறார். இந்த மூன்றாம் நாற்காலிக்கு ஊரின் ஒவ்வொரு தெருவும் தெரிந்தவரைப் போடுங்கள். ஊரில் செல்வாக்குள்ளவர் தேவையில்லை, நிதானமுள்ளவர் தேவை. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மூவரும் மாற வேண்டும்.

மேசை போட்டதும் முதல் போன் அரசுக்குத்தான். 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குக் கலெக்டர்தான் தலைவர். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநில அறையின் எண் 1070. அங்கே உங்கள் பெயர், மேசை இருக்கும் இடம், எத்தனை பேர் கையிலிருக்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். பிறகு வி.ஏ.ஓ.வையும் ஆர்.ஐ.யையும் நேரில் பார்த்து, அவர்கள் எந்தத் தெருக்களைக் கவனிக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அரசு ஊழியர் மேல் கோபம் இருக்கலாம், நியாயமாகவும் இருக்கலாம். களத்தில் நிற்கும் வி.ஏ.ஓ. பல நேரம் தன் வீட்டிலும் தண்ணீர் புகுந்த நிலையில்தான் நிற்கிறார். முதல் வாரத்தில் அவரோடு சண்டை போட்டு ஜெயிப்பதால் ஒரு குடும்பத்துக்கும் சோறு கிடைக்காது.

மேசைக்கான தயாரிப்பு மழைக்காலத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18-இல் தென்மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணிக் கரையில் ஏரல் போன்ற ஊர்கள் துண்டிக்கப்பட்டுத் தீவுகளாயின. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. மீட்புப் படை வந்து சேரும்வரை அவர்களுக்குச் சமைத்துப் போட்டவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். முதல் ஒன்றிரண்டு நாட்களுக்கு வெளியிலிருந்து ஒருவரும் வர முடியாத நிலை உங்கள் ஊருக்கும் வரலாம். யாரிடம் டிராக்டர் இருக்கிறது, யாரிடம் பரிசல் அல்லது வள்ளம், ஜெனரேட்டர், மரம் அறுக்கும் மிஷின், யார் நர்ஸ், யாருக்கு நன்றாக நீச்சல் தெரியும் என்று செப்டம்பரிலேயே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்த மித்ரா திட்டத்தில் 12 நாள் பயிற்சி பெற்றவர்கள் உங்கள் ஒன்றியத்தில் இருக்கிறார்களா என்று தாசில்தார் அலுவலகத்தில் விசாரியுங்கள். கூட்டம் வரும்போது குழுத்தலைவர்களாக நிறுத்த அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் கிடைக்க மாட்டார்கள்.

பெயர் எழுதும்போது

ஜப்பானில் 1995 ஜனவரி 17-இல் கோபே நகரம் நிலநடுக்கத்தில் சிதைந்தபோது 10 லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் வந்து வேலை செய்தார்கள். பலர் அதற்கு முன் இப்படி ஒரு வேலையும் செய்திராதவர்கள். வந்தவர்களில் எத்தனையோ பேருக்கு முதலில் என்ன செய்வதென்றே தெரியவில்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகு அங்கே பேரிடர்த் தன்னார்வலர் மையம் என்ற ஏற்பாடு வேரூன்றியது. எங்காவது வெள்ளமோ நிலநடுக்கமோ வந்தால் உள்ளூர்ச் சமூகநல மன்றம் மையத்தைத் திறக்கிறது. வீட்டுக்காரர்கள் தமக்கு என்ன உதவி வேண்டும் என்று அங்கே சொல்கிறார்கள், ஒவ்வொரு தேவைக்கும் ஒரு சீட்டு எழுதப்படுகிறது. அந்தச் சீட்டோடு ஒரு குழு போகிறது, மாலையில் திரும்பி வந்து வேலை முடிந்ததா, நாளைக்கும் ஆள் வேண்டுமா என்று சொல்கிறது. தன்னார்வலருக்குக் காப்பீடு உண்டு. சட்டையில் பசை நாடாவை ஒட்டி அதில் பெயரை எழுதிக்கொள்கிறார்கள். செலவில்லாத இந்தப் பெயர்ப்பட்டையை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முன்பின் தெரியாதவர் வீட்டுக்குள் வரும்போது, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட முடிந்தால் அந்த வீட்டுப் பாட்டிக்குப் பயம் பாதி போய்விடும்.

பதிவு நோட்டில் பெயர், ஊர், போன் நம்பர், வீட்டில் தகவல் சொல்ல ஒருவரின் நம்பர், ரத்த வகை, தெரிந்த தொழில், எந்த நோய்க்காவது மருந்து சாப்பிடுகிறாரா என்பது வேண்டும். அதோடு எந்தெந்தத் தேதிகளில் வர முடியும் என்று கேளுங்கள். பலரும் இதைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். முதல் மூன்று நாளில் ஐந்நூறு பேர் வருவார்கள், பத்தாம் நாள் ஐந்து பேர் இருக்க மாட்டார்கள். சேறு வாருவது, நனைந்த சான்றிதழ்களுக்கு மனு எழுதுவது, விழுந்த தோப்பைச் சுத்தம் செய்வது எல்லாம் பத்தாம் நாளுக்குப் பிறகுதான் முழு வீச்சில் தொடங்கும். அதனால், வந்தவர்களில் பாதிப்பேரை நோகாமல் திருப்பியனுப்பி, "அடுத்த சனி, ஞாயிறு வாங்க, இப்பவே பேர் எழுதிக்கிறேன்" என்று சொல்லுங்கள். அன்று காலையில் மறக்காமல் கூப்பிடுங்கள்.

தொழிலைக் கேட்பதற்கும் காரணமுண்டு. கஜாவுக்குப் பிறகு அரிசி மூட்டையைத் தூக்க ஆள் இருந்தார்கள். விழுந்த தென்னையை அறுக்கத் தெரிந்தவரும், மோட்டாரைக் கழற்றிக் காயவைத்து ஓடவைக்கத் தெரிந்தவரும், வெளிமாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரிய ஊழியர்களுக்கு வயல் வழியாகக் கம்பத்தை இழுத்துக் கொடுக்கத் தெம்புள்ளவரும் அதைவிட அவசரமாகத் தேவைப்பட்டார்கள். எலக்ட்ரீஷியன், பிளம்பர், மெக்கானிக், கொத்தனார், லாரி டிரைவர், சமையல்காரர், பார்மசிஸ்ட் பெயர்களுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டுவையுங்கள். ஒரு எலக்ட்ரீஷியனைச் சோற்றுப் பொட்டலம் கட்ட உட்கார வைப்பது பெரிய நஷ்டம்.

ஊர் என்ன கேட்கிறது

இந்த வேலையில் மிகக் கவனமாகச் செய்ய வேண்டிய பகுதி இதுதான். அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

தேவையை விசாரிக்கப் போகிறவர் கையில் நோட்டைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது. பொருளோடு போனால் கூட்டம் கூடிவிடும். உரக்கப் பேசத் தெரிந்தவர் முன்னால் வருவார், கேட்கத் தயங்குகிறவர் கதவோரம் நின்றுவிடுவார். இருவர் போக வேண்டும், அதில் ஒருவர் கட்டாயம் பெண். நாப்கின், உள்ளாடை, குளிக்க மறைவிடம், இரவில் கழிப்பறைக்குப் போகும் பயம் பற்றியெல்லாம் ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம்தான் சொல்வார்.

ஊர்ப் பெரியவர்கள் பட்டியல் தருவார்கள். நன்றியோடு வாங்கிக்கொள்ளுங்கள், அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஆழிப்பேரலைக்குப் பிறகு கடற்கரையில் நடந்ததை நினைவில் வையுங்கள். மீனவ கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்துகள் கட்டுக்கோப்பானவை. பல இடங்களில் நிவாரணம் ஒழுங்காகப் பிரிந்ததற்கு அவையே காரணம். ஆனால் அந்தக் கணக்கு ஊர் வரி கட்டும் ஆண்களை வைத்துப் போட்ட கணக்கு. ஆண் துணையற்ற பெண்களின் குடும்பங்கள் சில ஊர்களில் அதில் வரவில்லை. கடற்கரையை ஒட்டி வாழ்ந்த தலித் கூலித் தொழிலாளர்களும் இருளர்களும் படகும் வலையும் இல்லாததால் பாதிக்கப்பட்டவர்களாகவே பல இடங்களில் எண்ணப்படவில்லை. சில முகாம்களில் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவும் மறுத்தார்கள். புயல் எல்லார் வீட்டையும் ஒன்றுபோல் அடிக்கிறது என்று சொல்வார்கள். குடிசையையும் மாடி வீட்டையும் அது ஒன்றுபோல் அடிப்பதில்லை. நிவாரணமும் தானாகச் சரிசமமாகப் போய்ச் சேர்வதில்லை.

எனவே ஒரே ஊரில் குறைந்தது மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். அங்கன்வாடிப் பணியாளருக்குக் கைக்குழந்தை எந்தெந்த வீட்டில் என்று தெரியும். கிராம சுகாதார செவிலியருக்குக் கர்ப்பிணிகளையும் சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களையும் தெரியும். மகளிர் சுய உதவிக் குழுத் தலைவிக்கு எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதுவரை தெரியும். மூன்று பட்டியலையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். ஒன்றிலும் வராத வீடுகள் மிஞ்சும். காலனியின் கடைசி வரிசை, ஏரிக்கரை இருளர் குடிசைகள், இறால் பண்ணையிலும் செங்கல் சூளையிலும் தங்கி வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர்கள், நம் ஊர் ரேஷன் கார்டு இல்லாதவர்கள், தனியே படுத்த படுக்கையாய்க் கிடக்கும் ஒரு தாத்தா. உங்கள் முதல் வண்டி அங்கிருந்து தொடங்கட்டும். தூரத்து ஊரில் ஆரம்பித்து ரோட்டை நோக்கித் திரும்பி வாருங்கள். ரோட்டோரத்துக்கு எப்படியும் இன்னொருவர் வருவார்.

கொடுப்பதற்கு முந்தைய நாளே வீடு வீடாக டோக்கன் கொடுத்துவிட்டால் கொடுக்கும் நாளில் தள்ளுமுள்ளு இருக்காது. வண்டியில் நின்றுகொண்டு கீழே வீசுவதை எந்த நிலையிலும் அனுமதிக்காதீர்கள். வீசினால் எட்டிப் பிடிக்கத் தெம்புள்ளவனுக்குத்தான் கிடைக்கும், வாங்குகிறவரின் தன்மானமும் அடிபடும். நடக்க முடியாதவருக்கு வீட்டிலேயே கொண்டு போய்க் கொடுங்கள்.

எவ்வளவு என்பதற்கு உலக அளவில் நிவாரணப் பணியாளர்கள் பின்பற்றும் ஸ்பியர் கையேட்டின் அளவுகள் உதவும். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து 15 லிட்டர் தண்ணீர், முகாமில் 20 பேருக்கு ஒரு கழிப்பறை. முகாமில் 300 பேர் இருந்தால் 4,500 லிட்டர் வேண்டும். அரை லிட்டர் பாட்டில்களை லட்சக்கணக்கில் அனுப்புவதைவிட ஒரு டேங்கர் லாரியைத் தினம் இருமுறை வரவைப்பது எவ்வளவோ மேல். பாட்டில்கள் பிறகு வாய்க்காலை அடைக்கும்.

குழு, தலைவர், திரும்பும் நேரம்

ஒருவர் நேரடியாக மேற்பார்வை செய்ய முடிவது மூன்று முதல் ஏழு பேரைத்தான், ஐந்து பேர் என்றால் சரியாக இருக்கும். கலிஃபோர்னியாவின் காட்டுத்தீ அனுபவத்திலிருந்து 1970-களில் உருவான களக் கட்டளை முறை இந்த அளவைத்தான் வைத்திருக்கிறது. நம் களத்துக்கும் இது பொருந்தும். ஐந்து பேர் கொண்ட குழு, அதில் ஒருவர் தலைவர், ஒருவர் உள்ளூர்க்காரர். நண்பர்களாக வந்தவர்களைப் பிரிக்க வேண்டாம், ஒருவரையொருவர் கவனித்துக்கொள்வார்கள்.

குழு கிளம்பும்போது ஒரு சீட்டு எழுதிக் கையில் கொடுங்கள்: எந்தத் தெரு, என்ன வேலை, அங்கே யாரைப் பார்க்க வேண்டும், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும். சீட்டின் நகல் மேசையில் இருக்க வேண்டும். சொன்ன நேரத்துக்கு மேல் அரை மணி ஆகியும் வராவிட்டால் போன் போடுங்கள், போன் கிடைக்காவிட்டால் ஆளை அனுப்புங்கள். இருட்டிய பிறகு ஒரு குழுவும் வெளியே இருக்கக் கூடாது. "இன்னும் ரெண்டு வீடுதான் அண்ணே" என்று கெஞ்சுவார்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று உறுதியாகச் சொல்லித் திரும்ப வரவையுங்கள். வந்ததும் என்ன பார்த்தார்கள் என்று பத்து நிமிடம் கேட்டு எழுதினால் மறுநாள் காலைத் தேவைப் பட்டியல் அப்போதே பாதி முடிந்துவிடும்.

2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தின்போது கடலோர மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர் போன்ற உள்நாட்டு ஊர்களுக்குப் போய் ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார்கள். கடலில் அவர்களுக்கு நிகர் யாருமில்லை. ஆனால் தெருவுக்குள் ஓடும் வெள்ளத்தில் மூழ்கிய காம்பவுண்டுச் சுவரும் கேட்டும் மின்கம்பியும் எங்கே இருக்கின்றன என்பது அந்தத் தெருக்காரருக்குத்தான் தெரியும். வெளியூர்த் திறமை எவ்வளவு பெரிதானாலும் படகில் ஓர் உள்ளூர்க்காரர் உட்கார வேண்டும். லாரிக்கும் இதே விதிதான்.

யாரை எங்கே அனுப்பக் கூடாது

இடிபாட்டுக்குள் ஆளைத் தேடுவது, ஓடும் தண்ணீரில் இறங்குவது, அறுந்த மின்கம்பியை அகற்றுவது ஆகிய மூன்றுக்கும் பயிற்சி பெற்றவர்களைத் தவிர யாரையும் அனுப்பாதீர்கள், எவ்வளவு ஆர்வமாகக் கேட்டாலும். தேசியப் பேரிடர் மீட்புப் படைக்கு அரக்கோணத்தில் ஒரு முழுப் பட்டாலியன் இருக்கிறது, தீயணைப்புத் துறை ஒவ்வொரு வட்டத்திலும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. கீழே கிடக்கும் கம்பியில் மின்சாரம் இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எங்கோ ஒரு வீட்டில் ஓடும் ஜெனரேட்டரிலிருந்து அதில் மின்சாரம் திரும்பி ஏறியிருக்கலாம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை அந்த இடத்தில் யாரும் நடக்காமல் ஓர் ஆளைக் காவல் நிறுத்துங்கள். ஒரு தன்னார்வலரால் செய்யக்கூடிய மிக நல்ல வேலை அது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, மீனவர்கள் ஆரம்ப நாட்களில் சரியான பாதுகாப்புக் கவசமின்றி வெறும் கையால் அதை அள்ளினார்கள். தொழிற்சாலைப் பகுதியில் வெள்ளம் வந்தால் தண்ணீரின் நிறத்தையும் வாடையையும் முதலில் பாருங்கள். சந்தேகம் வந்தால் குழுவை வெளியே எடுத்துவிடுங்கள்.

சேறு வாரப் போகிறவருக்கு முழங்கால் வரையிலான கம்பூட், தடித்த ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை வேண்டும். செருப்போடு வந்தவருக்கு உட்கார்ந்து செய்யும் வேலை கொடுங்கள். காலில் புண் உள்ளவர் வெள்ளநீரில் இறங்கவே கூடாது. கேரளத்தில் 2018 வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைப் பறித்தது. சுத்தம் செய்யப் போகிறவர்கள் தடுப்புக்காக டாக்ஸிசைக்ளின் மாத்திரை எடுத்துக்கொள்ளும்படி சுகாதாரத் துறை வலியுறுத்தியது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் முதல் நாளே இதைப் பேசி, யாருக்கு எவ்வளவு என்று அவர் சொல்கிறபடி கொடுங்கள். டெட்டனஸ் ஊசியையும் கேளுங்கள். கவிழ்ந்து கிடக்கும் பாத்திரத்தையும் பாயையும் குச்சியால் தட்டிவிட்டுத் தூக்கச் சொல்லுங்கள், வெள்ளத்தில் பாம்புகளும் வீட்டுக்குள் ஒதுங்கியிருக்கும்.

பொருள் கேட்டு வாட்ஸ்அப்பில் செய்தி போடுவதற்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். 2015 டிசம்பர் 1, 2-இல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்து, அடையாறு கரையுடைத்து ஓடியபோது, சென்னைக்கு வெளியே இருந்த இளைஞர்கள்கூட உதவிக் கோரிக்கைகளைத் தொகுத்து, ஒவ்வொரு எண்ணுக்கும் போன் போட்டுச் சரிபார்த்தார்கள். நேரில் வர முடியாதவர்களுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. செய்தியில் தேதி, மணி, இடம், பொருள், அளவு, தொடர்பு எண் கட்டாயம். தேவை தீர்ந்ததும் "தீர்ந்துவிட்டது, இனி அனுப்ப வேண்டாம்" என்று அதே குரூப்புகளில் மறுபடி போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரமும் பிரட் பாக்கெட் வந்துகொண்டேயிருக்கும்.

முகமும் குழந்தையும்

வாங்குகிறவர் முகத்தைப் படம் எடுக்க வேண்டாம் என்பதைக் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். கணக்குக் காட்டப் படம் தேவை என்றால் வண்டியையும் பொருளையும் எடுங்கள். சேலைகூட மாற்ற முடியாமல் நிற்கும் ஒரு தாயின் படம், புயல் அடங்கி வெகுகாலம் கழித்தும் அவர் பிள்ளைகளின் போனுக்கு வந்து சேரும்.

குழந்தையை எந்தத் தன்னார்வலரும் தனியாக எங்கும் அழைத்துப் போகக் கூடாது. பெற்றோரைக் காணாத குழந்தை கிடைத்தால் 1098-க்குச் சொல்லி, இரண்டு பெண் தன்னார்வலர்களை உடன் வையுங்கள். நல்லவராகத் தெரிகிறார், ஊர்க்காரர், உறவுக்காரர் என்று சொல்கிறார் என்பதெல்லாம் போதாது.

துக்க வீட்டில் என்ன பேசுவது என்று இளைஞர்கள் தவிப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்று வேலைகளைச் சொல்கிறது: பார், கேள், இணை. யாருக்கு உடனடி உதவி தேவை என்று பார்ப்பது, அவர் பேசினால் குறுக்கிடாமல் கேட்பது, அவருக்கு வேண்டிய உறவினரோடோ மருத்துவரோடோ சேர்த்துவிடுவது. "எல்லாம் நல்லதுக்குத்தான்", "உங்களுக்காவது இன்னொரு பிள்ளை இருக்கே" போன்ற வாய்வார்த்தைகள் வேண்டாம். என்ன நடந்தது என்று தோண்டிக் கேட்கவும் வேண்டாம்.

தன்னார்வலரும் உடைவார். ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் சிதைந்த உடல்களைத் தூக்கி அடக்கம் செய்தவர்களில் எத்தனையோ பேர் அதற்கு முன் ஒரு சாவு வீட்டில்கூடக் கிட்டே நின்றிராத இளைஞர்கள். இத்தகைய வேலைக்கு ஒருவரை இரண்டாம் நாளும் அனுப்பாதீர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவரை அனுப்பவே கூடாது. மாலையில் அவர்களை ஒன்றாக உட்காரவைத்துச் சூடாகச் சாப்பாடு போட்டு, பேச விரும்புகிறவரைப் பேச விடுங்கள். தூங்காமல் மூன்று நாளாக ஓடிக்கொண்டிருப்பவர் எப்போதும் ஒருவராவது இருப்பார். எல்லாரும் அவரைப் புகழ்வார்கள். அவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியது நீங்கள், ஏனென்றால் அடுத்த தவறு அவர் கையிலோ அவர் ஓட்டும் வண்டியிலோதான் நடக்கும்.

மேசையை எடுப்பது

மேசையை எடுக்கும் நாளை ஊரோடு பேசி முடிவு செய்யுங்கள். ஒரு காலையில் வந்து பார்த்தால் யாரையும் காணோம் என்ற நிலை வரக் கூடாது. மீதமுள்ள பொருளை எண்ணி, ஊராட்சி அலுவலகத்திலோ மகளிர் குழுவிடமோ கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். முடியாமல் நிற்கும் வேலைகளின் பட்டியலை வி.ஏ.ஓ.விடம் ஒன்று, ஊர்க்காரர் ஒருவரிடம் ஒன்று என இரண்டு நகலாகக் கொடுங்கள். வரவு செலவைக் கடை ரசீதோடு ஊர்ப் பொது இடத்தில் ஒட்டிவிடுங்கள். பதிவு நோட்டில் இருக்கும் போன் நம்பர்களை அடுத்த தேர்தலுக்கு யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

அந்த நோட்டுக்கு இன்னும் ஒரு மாத வேலை இருக்கிறது. எலிக்காய்ச்சல் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரத்தில் தெரியவரும், சிலருக்கு ஒரு மாதம்வரை ஆகலாம். சேற்றிலும் வெள்ளத்திலும் வேலை செய்த ஒவ்வொருவரையும் வாரம் ஒருமுறை, நான்கு வாரம் போனில் கூப்பிட்டு, காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். எந்த ஊரில், எந்தத் தேதியில் வெள்ளநீரில் நின்றார் என்பதை நோட்டைப் பார்த்துச் சொல்லி, அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லும்படி அவரிடமும் அவர் வீட்டாரிடமும் கூறுங்கள்.